தானே செய்த சிறகுக்குத் தானே தேர்வாளர்

மாணவர்களே!

தேர்வு என்றதும் உங்கள் நினைவுக்கு வருவன வினாத்தாளும் விடைத்தாளும் மதிப்பெண்ணும் ஆகும். அங்கே வினா விடுப்பவர் ஒருவர், விடை எழுதுபவர் மற்றொருவர், திருத்துபவர் மூன்றாமவர். விடையில் பிழை நேர்ந்தால் சிவப்பு மையால் ஒரு கோடு விழும், அவ்வளவே. வேறொரு வகைத் தேர்வும் உலகில் உண்டு. அதில் வினா விடுப்பவரும் விடை எழுதுபவரும் திருத்துபவரும் ஒருவரே. விடை பிழையானால் இழப்பது மதிப்பெண் அன்று, உயிர். தன் வீட்டுக் கொட்டகையில் தன் கையாலேயே ஒரு சிறு விமானத்தைச் செய்து, அதை முதன்முறையாக வானில் செலுத்திப் பார்க்கும் மனிதன் எழுதும் தேர்வே அது. அத்தேர்வைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் அவ்விமானம் எத்தகையது என்று காண்போம். மேலே அலுமினியக் குழாய்களின் மீது விரித்துக் கட்டிய முக்கோண வடிவமான துணிச் சிறகு ஒன்று. அதன் நடுத்தண்டிலிருந்து தொங்கும் மூன்று சக்கர வண்டி ஒன்று. வண்டியில் ஓர் இருக்கை. இருக்கைக்குப் பின்னே ஓர் எஞ்சின். அதன் முனையில் சுழலும் விசிறி. வால் இல்லை, சுக்கான் இல்லை. இதனை ‘டிரைக்’ என்று அழைக்கின்றனர். இத்தகைய மிக இலேசான விமானங்களுக்கு ‘அல்ட்ராலைட்’ என்பது பொதுப் பெயர்.

இச்சிறகின் வரலாறு சுவையானது. அமெரிக்காவில் விமான ஆராய்ச்சிப் பொறியியலாளராக இருந்த பிரான்சிஸ் ரொகாலோ என்பவரும் அவர் மனைவி கெர்ட்ரூடும், 1948-ஆம் ஆண்டில், அலுவலக வேலை நேரம் போக எஞ்சிய நேரத்தில், தம் வீட்டிலேயே மின்விசிறியைக் கொண்டு காற்றோட்டம் உண்டாக்கி, சமையலறைத் திரைத் துணியைச் சிறகாக அமைத்துப் பல சோதனைகள் செய்தனர். விறைப்பான சட்டம் அதிகம் இன்றி, காற்றின் அழுத்தத்தாலேயே வடிவம் பெறும் சிறகு ஒன்று அவ்வாறு பிறந்தது. 1963-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் கிராப்டன் என்னும் ஊரில் ஜான் டிக்கன்சன் என்பவர், அச்சிறகின் கீழ் மனிதன் ஊசற்குண்டு போலத் தொங்குமாறும், முக்கோணச் சட்டம் ஒன்றைப் பிடித்துத் தள்ளியும் இழுத்தும் சிறகைச் செலுத்துமாறும் அமைத்தார். பிற்காலத்தில் அவ்வமைப்போடு எஞ்சினும் சக்கரங்களும் சேர்ந்தன, டிரைக் உருவாயிற்று.

சுக்கான் இல்லாத விமானம் எவ்வாறு திரும்பும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு எடையே சுக்கான். ஓட்டுபவர் தம் முன்னுள்ள தண்டைத் தம்மை நோக்கி இழுத்தால் தொங்கும் எடை முன்னோக்கிச் செல்லும், சிறகின் மூக்குத் தாழும், வேகம் கூடும். தண்டை முன்னே தள்ளினால் எடை பின்னோக்கிச் செல்லும், மூக்கு உயரும், வேகம் குறையும். தண்டை இடப்புறம் நகர்த்தினால் எடை வலப்புறம் சாயும். விமானம் வலப்புறம் திரும்பும். வேறு விமானங்களில் கைக்கோலை எப்பக்கம் சாய்க்கிறோமோ அப்பக்கமே விமானம் திரும்பும். இங்கே யாவும் எதிர்மாறு. தரையில் ஓடும்போதும் அப்படியே. முன்சக்கரத்தைக் காலால் திருப்ப வேண்டும். வலக்காலை அழுத்தினால் வண்டி இடப்புறம் திரும்பும். ஆகவே, பெரிய விமானங்களைப் பல ஆண்டுகள் ஓட்டிப் பழகிய விமானி டிரைக்கில் ஏறினால், கற்ற பழக்கமே அவருக்குப் பகையாகலாம். அச்சம் வந்த நொடியில் கை பழைய வழியையே நாடும் அன்றோ? எனவே முதல் விதி யாதெனில், விமானம் புதிதாயிருக்கும்போது ஓட்டுபவர் புதியவராக இருத்தல் ஆகாது. நன்கு சோதிக்கப்பட்ட வேறொரு டிரைக்கில் ஆசிரியரின் துணையோடு பயின்று, கை தானாகவே சரியான பக்கம் செல்லும் நிலை எய்திய பிறகே, தாம் செய்த டிரைக்கில் அமர வேண்டும்.

இத்தகைய விமானங்களைப் பற்றிச் சட்டம் என்ன கூறுகிறது? அமெரிக்க நாட்டில் 1982-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுக்கப்பட்டது. ஒருவர் மட்டுமே அமரக்கூடியதாய், வெற்றெடை 254 பவுண்டுக்குள், அதாவது ஏறத்தாழ 115 கிலோகிராமுக்குள் அடங்குவதாய், சுமார் 19 லிட்டருக்கு மிகாத எரிபொருள் கொள்வதாய், வேறு சில வரம்புகளுக்கும் உட்பட்டதாய் அமைந்த அல்ட்ராலைட் விமானத்துக்குத் தகுதிச் சான்றிதழும் வேண்டா. ஓட்டுபவருக்கு உரிமமும் வேண்டா. மக்கள் நெருங்கி வாழும் இடங்களின் மேல் அது பறத்தல் கூடாது.

இதனைக் கேட்டதும் உங்களுள் சிலர் மகிழலாம். சட்டத்தின் கருத்து என்ன என்று ஆழ்ந்து பாருங்கள். கீழே உள்ளவர்களுக்குத் தீங்கு நேராவண்ணம் காப்பது எம் கடமை. மேலே செல்லும் உன்னைக் காப்பது உன் கடமை என்று சட்டம் ஒதுங்கி நிற்கிறது. சட்டம் கேட்காத கேள்விகளை அங்கே மனிதன் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும். தான் செய்த பொருளின்மேல் அன்பு கொண்டவன் அதைத் தானே கடுமையாகத் தேர்வது எளிதா? பல மாதங்கள் இரவு விளக்கில் அமர்ந்து தைத்ததும், அறுத்ததும், துளையிட்டதும், முடுக்கியதும் அவன் கைகளே. அக்கைகள் தவறியிருக்கக்கூடும் என்று நினைக்க மனம் ஒப்பாது. பெற்றோர் தம் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துவது போன்ற சங்கடம் அது.

இச்சங்கடத்துக்கு மருந்து ஒன்றுண்டு. முறை என்பதே அது. ஒரு நேரத்தில் ஒரே ஒரு கேள்வி. எளிய கேள்வி முதலில், கடினமான கேள்வி பின்னர். ஒரு கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தாலன்றி அடுத்த கேள்விக்குச் செல்லாமை. இம்முறை தரையிலேயே தொடங்குகிறது.

முதற்படி, பிறர் கண்ணைக் கடன் வாங்குதல். கட்டுரையை எழுதியவருக்கே அதிலுள்ள எழுத்துப்பிழை தென்படாது. முதன்முறை படிப்பவருக்கு உடனே தென்படும். அவ்வாறே விமானம் கட்டத் தெரிந்த வேறொருவர் ஒவ்வொரு ஆணியையும், ஒவ்வொரு கம்பி வடத்தையும், ஒவ்வொரு தையலையும் தொட்டுப் பார்த்தல் வேண்டும். முக்கியமாக, வண்டி முழுவதும் சிறகிலிருந்து தொங்குவது ஒரு போல்ட்டில். எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் ஓட்டுபவரின் உயிர் அந்த ஒரு விரற்கடை எஃகில்தான் தொங்குகிறது. அதன் நட்டுக் கழலாதவாறு ஊசி பூட்டியிருக்கிறதா, அது முறிந்தாலும் வண்டியைத் தாங்கும் துணை வடம் சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்தல், பறக்குந்தோறும் செய்ய வேண்டிய கடமை.

இரண்டாம் படி, எரிபொருள். தரையில் எஞ்சின் நன்றாக ஓடுகிறது என்பதனால் வானிலும் ஓடும் என்று கொள்ளுதல் தவறு. மேலேறும்போது விமானத்தின் மூக்கு உயர்ந்திருக்கும். அப்போது தொட்டியிலிருந்து எரிபொருள் போதிய அளவில் வருமா? இதற்குப் பொறியியலாளர் கொள்ளும் கணக்கு ஒன்றுண்டு. எரிபொருள் தானே வழிந்து வரும் அமைப்பாயின், எஞ்சின் முழு வேகத்தில் குடிக்கும் அளவைப் போல் ஒன்றரை மடங்கும், பம்பு செலுத்தும் அமைப்பாயின் ஒன்றேகால் மடங்கும் குழாயில் வருதல் வேண்டும். எஞ்சின் மணிக்கு 20 லிட்டர் குடிப்பதாக வைத்துக்கொள்வோம். தானே வழியும் குழாயில் மணிக்கு 30 லிட்டர் வர வேண்டும். 10 நிமிடத்தில் 5 லிட்டர். டிரைக்கின் மூக்கை ஏறும் கோணத்துக்கு உயர்த்திக் கட்டைகளை வைத்து, தொட்டியில் குறைந்த எரிபொருளே இருக்கும்போது, குழாயைக் கழற்றி ஓர் அளவுக் கலத்தில் பிடித்துக் கடிகாரத்தைப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். எட்டாம் வகுப்புக் கணக்குத்தான். ஆயினும் மரங்களுக்கு மேலே எஞ்சின் நின்றுபோகாமல் காப்பது இந்த எட்டாம் வகுப்புக் கணக்கே.

மூன்றாம் படி, எஞ்சின். வண்டியை உறுதியான கம்பத்தில் பின்புறமாகக் கட்டி நிறுத்திவிட்டு, எஞ்சினை மெதுவாகவும் வேகமாகவும் நெடுநேரம் ஓடவிட வேண்டும். அதிர்ச்சியினால் எந்த முடுக்கு தளர்கிறது, எந்தக் குழாய் உராய்கிறது என்பன அப்போது வெளிப்படும். இன்னொரு நுட்பமும் உண்டு. டிரைக்கின் விசிறி ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னே சுழல்கிறது. அவர் சட்டைப் பையிலிருந்து விழும் எழுதுகோலோ, கழுத்தில் சுற்றிய துணியோ நேரே அதில்தான் சென்று மோதும். ஆகவே பைகளை வெறுமையாக்கி, பொத்தானிட்டு, குறிப்பேட்டைத் தொடையில் கட்டிக்கொண்டு அமர வேண்டும். இதனை அற்பம் என்று எண்ணுபவர் பறக்கத் தகுதியற்றவர்.

நான்காம் படி, தரையில் ஓட்டம். முதலில் மனிதன் நடக்கும் வேகம். பிறகு ஓடும் வேகம். பிறகு அதற்கு மேல். ஒவ்வொரு வேகத்திலும் சக்கரம் நேராகச் செல்கிறதா, நிறுத்துக்கருவி பிடிக்கிறதா, சிறகு ஒருபக்கமாகத் தாழ்கிறதா என்று பார்த்தல் வேண்டும். இங்கே ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. துணிச் சிறகு மிக இலேசானது. விரைந்து ஓட்டினால், ஓட்டுபவர் விரும்பாமலே வண்டி தரையை விட்டு எழும்பிவிடும். பறக்க ஆயத்தமாகாத மனம் அப்போது திகைத்து, எஞ்சினைச் சட்டென்று அடக்கும். வண்டி விழுந்து நொறுங்கும். எனவே, பறப்பதற்கு எல்லா வகையிலும் ஆயத்தமான பிறகே விரைந்தோட்டம் செய்தல் வேண்டும்.

படிப்படியாகச் செல்வதன் பயனுக்கு ஒரு சான்று கூறுகிறேன். விண்வெளிக் கலங்களைப் பாராசூட்டுக்குப் பதிலாகச் சிறகினால் தரையிறக்க இயலுமா என்று அறிய, அமெரிக்காவின் நாசா நிறுவனத்தார் 1962-ஆம் ஆண்டில் ரொகாலோவின் சிறகைக் கொண்டு, சக்கரங்களுடன் கூடிய எஞ்சினற்ற விமானம் ஒன்றைச் செய்தனர். கலிபோர்னியாவிலுள்ள நீர் வற்றிய ஏரித் தரையில் முதலில் அதை வண்டியில் கட்டி இழுத்தனர். தரையை ஒட்டிப் பறந்து பார்த்த பிறகே விமானத்தில் கட்டி மேலே இழுத்துச் சென்றனர். தேர்ந்த விமானிகளே ஓட்டினர். அவ்வாறிருந்தும் அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு நாள் அது தரையில் மோதி நொறுங்கியது. ஓட்டியவர் பிழைத்தார். அப்போது அது தாழ்ந்த உயரத்தில், தரையிலிருந்தே இழுக்கப்பட்டுக்கொண்டிருந்தது. படிகள் இருப்பது விழாமல் இருப்பதற்காக மட்டும் அன்று. விழுந்தாலும் ஒரு படியளவே விழுவதற்காக.

இனி முதற் பறப்பு. நேரம், விடியற்காலை, ஞாயிற்றின் வெப்பத்தால் தரைக்காற்றுக் குமுறத் தொடங்குவதற்கு முன். இடம், நீண்ட ஓடுபாதையும் சுற்றிலும் வெட்டவெளியும் உள்ள திடல். ஆள், ஒருவர் மட்டுமே. முதன்முதல் எஞ்சின் விமானத்தில் பறந்த ரைட் சகோதரர்களைப் பாருங்கள். அவர்கள் 1903 டிசம்பர் 17-ஆம் நாள் பறந்தனர். முதல் பறப்பு 12 நொடி, 37 மீட்டர். வேறொருவரைப் பயணியாக உடன் ஏற்றிக்கொண்டதோ 1908 மே மாதத்தில். இடையில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் சென்றன. அவ்விருவரும் ஒன்றாகச் சேர்ந்து பறந்தது 1910-ஆம் ஆண்டில் ஒரே ஒரு முறைதான். ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தாலும் மற்றவர் பணியைத் தொடர வேண்டும் என்பதே அவர்கள் எண்ணம்.

முதற் பறப்பின் நோக்கம் யாது? தொலைவு செல்வதன்று, அழகு காட்டுவதும் அன்று. எஞ்சின் நின்றாலும் திடலுக்கே மிதந்து திரும்பக்கூடிய எல்லைக்குள்ளேயே வட்டமிட்டுப் போதிய உயரத்தை அடைய வேண்டும். அங்கே ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இந்தச் சிறகு எந்த வேகத்தில் காற்றின் பிடியை இழக்கிறது? தண்டை மிக மெதுவாக முன்னே தள்ளி, வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தால், ஒரு நிலையில் மூக்குத் தானே தாழும். அந்த வேகத்தைக் கருவியில் பார்த்து எழுதிக்கொள்ள வேண்டும். 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தரையிறங்க வரும்போது அதைப் போல் 1.3 மடங்குக்கு, அதாவது 52 கிலோமீட்டருக்குக் குறையாமல் வருதல் வழக்கம். மேலே இவ்விடையைக் கண்டறியாமல் கீழே இறங்க வருபவர், படிக்காமலே தேர்வுக்கு வருபவரை ஒத்தவர்.

இச்சோதனையை மென்மையாகவே செய்தல் வேண்டும். எஞ்சினை முழு வேகத்தில் ஓடவிட்டு மூக்கைச் செங்குத்தாக உயர்த்துதல் கூடவே கூடாது. வாலற்ற இவ்விமானம் தலைகுப்புறப் புரளத் தொடங்கினால் மீள்வது அரிது. எடையே சுக்கான் என்று முன்பு கூறினேன் அல்லவா? புரளும்போது எடை ஒழுங்காகத் தொங்குவதில்லை. சுக்கானும் இல்லாமற் போகிறது.

இறங்கிய பின் முதல் வேலை, கண்டவற்றைக் கண்டவாறே எழுதுதல். இரண்டாம் வேலை, விமானத்தை மீண்டும் முழுவதும் சோதித்தல். அடுத்த பறப்பில் ஒரு புதிய கேள்வி, அதற்கடுத்ததில் வேறொன்று. அமெரிக்காவில், சான்றிதழ் பெற வேண்டிய சற்றுப் பெரிய தற்கட்டு விமானங்களுக்கு இச்சோதனைக் காலம் பொதுவாக 40 மணி நேரப் பறப்பு என்று வரையறுக்கப்பட்டிருந்தது. அங்கு அத்தகைய விமானத்தைக் கட்டுபவர் தம் கல்விக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ மட்டுமே கட்ட வேண்டும் என்பது சட்டம். கல்வி என்னும் சொல் அங்கே முன்னே நிற்பதை நினைந்து ஓர் ஆசிரியன் மகிழ்வதில் வியப்பில்லை.

சோதித்த விமானத்தில் ஏதேனும் ஒன்றை மாற்றினால், அந்த அளவுக்கு அது சோதிக்கப்படாத விமானமே. 1908 செப்டம்பர் 17-ஆம் நாள், அமெரிக்காவில் போர்ட் மையர் என்னுமிடத்தில், ஆர்வில் ரைட் ஓட்டிய விமானத்தில் சற்று நீண்ட புதிய விசிறிகள் பொருத்தப்பட்டிருந்தன. பறக்கும்போது ஒரு விசிறி பிளந்து, பின்சுக்கானைத் தாங்கிய கம்பியை அறுத்தது. விமானம் விழுந்தது. ஆர்வில் கடுங்காயமுற்றார், உடன் சென்ற செல்பிரிட்ஜ் என்னும் இளம் இராணுவ அதிகாரி மாண்டார். எஞ்சின் விமான விபத்தில் இறந்த முதல் மனிதர் அவரே.

மாணவர்களே! இதுவரை கூறிய படிகளுள் எதுவும் மிகக் கடினமானதன்று. எனினும் இவற்றுக்கெல்லாம் மேலான ஒரு படி உண்டு, அதுவே கடினமானது. ‘இன்று வேண்டா’ என்று சொல்லுதலே அது.

இதற்கு ஓர் உண்மை வரலாறு சொல்கிறேன். எடையைச் சாய்த்துச் சிறகைச் செலுத்தும் கலையை உலகுக்குக் காட்டியவர் செர்மானியரான ஓட்டோ லிலியந்தால். அவர் 1891-ஆம் ஆண்டு முதல், முதலில் தம் தோட்டத்துப் பலகை மீதிருந்தும், பின்பு சிறு மேட்டிலிருந்தும், பின்பு குன்றுகளிலிருந்தும் குதித்து, சுமார் 2,000 முறை மிதந்து பறந்தார். 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் திடீர்க் காற்றில் சிறகு பிடியிழக்க, சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் உயிர் நீத்தார்.

அவரை நேரிற் கண்டு கற்றவர் பெர்சி பில்ச்சர் என்னும் ஆங்கில இளைஞர். ‘பருந்து’ என்று பெயரிட்ட சிறகில் பல முறை பறந்தவர். பிறகு எஞ்சினோடு கூடிய மூன்றடுக்குச் சிறகு விமானம் ஒன்றையும் கட்டினார். 1899 செப்டம்பர் 30-ஆம் நாள், இங்கிலாந்தில் ஸ்டான்போர்டு மாளிகைத் திடலில், பொருளுதவி செய்யக்கூடிய பெரிய மனிதர்களை அழைத்து அதைப் பறந்து காட்ட எண்ணியிருந்தார். சில நாள் முன்பு எஞ்சினின் சுழல்தண்டு முறிந்துபோயிற்று. அன்றோ மழையும் காற்றுமான நாள். வந்தவர்களை ஏமாற்றி அனுப்ப அவர் மனம் ஒப்பவில்லை. மாலையில் பழைய ‘பருந்து’ச் சிறகிலேயே எழும்பினார். வால் பகுதி முறிந்தது; சுமார் 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார். இரண்டு நாள் கழித்து, அக்டோபர் 2-ஆம் நாள், 32-ஆம் வயதில் இறந்தார்.

அவர் கட்டிய எஞ்சின் விமானம் பறக்கப்படாமலே நின்றது. 2003-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள கிரான்பீல்டு பல்கலைக்கழகத்தார் அவ்வமைப்பைத் தழுவிய விமானம் ஒன்றைச் செய்து பார்த்தனர். அது 1 நிமிடம் 26 நொடி பறந்தது. பில்ச்சர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு ரைட் சகோதரர்கள் முதல் நாளில் நிகழ்த்திய நீண்ட பறப்போ 59 நொடிதான். பில்ச்சரிடம் அறிவு இருந்தது, கைத்திறன் இருந்தது, துணிவும் இருந்தது. அன்று மாலை, காத்திருந்த கூட்டத்தை நோக்கி, ‘ஐயா, இன்று இயலாது, மன்னியுங்கள்’ என்னும் சொற்கள் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை.

துணிவு என்பது இல்லாதவனுக்கு வானம் இல்லை, உண்மைதான். ஆனால் ஏறுவதற்கு வேண்டிய துணிவு ஒன்று. ஏறாமல் இறங்கிவிடுவதற்கு வேண்டிய துணிவு மற்றொன்று. முன்னதற்கு ஊர் கைதட்டும். பின்னதைக் கண்டு ஊர் நகைக்கவும் செய்யும். நகைப்பைத் தாங்கிக்கொண்டு, கொட்டகைக்குத் திரும்பி, ஐயமுள்ள அந்த ஒரு போல்ட்டை மீண்டும் கழற்றிப் பார்ப்பவனே உண்மைச் சோதனையாளன்.

உங்களுள் பெரும்பாலோர் விமானம் கட்டப் போவதில்லை. ஆயினும் ஆய்வுக்கூடத்தில் அமிலத்தை அளக்கும்போதும், நாளை பாலம் கட்டும்போதும், மருந்து கொடுக்கும்போதும், கணிப்பொறிக்குக் கட்டளை எழுதும்போதும் உங்கள் வேலைக்கு நீங்களே தேர்வாளராக இருக்க வேண்டிய நாள் வரும். கண்காணிப்பவர் எவரும் அன்று இருக்கமாட்டார். அன்று ஒரு நேரத்தில் ஒரே கேள்வி கேளுங்கள். கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள். விடை ‘இல்லை’ என்று வந்தால் அதனையும் விடையாக ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் சிறகுகள் உங்களைத் தாங்குக!